கறிவேப்பிலைக்கு மருந்து அடிக்காத வீடு

மார்ச் 9, ஞாயிறு

மண்சரிவில் வீடிழந்த மீரியபெத்த சனங்களுக்கு 2016இல் பூனாகலைப் பக்கம் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்று. முற்றத்தில் ஜினியா, டேலியா, செவ்வந்தி. பனி ஈரம் காயாத இந்தக் காலை நேரந்தான் வண்ணத்துப்பூச்சிப் படத்துக்குத் தோது. உடம்பு 30 பாகையளவு சூடேறாமல் அதனால் சரியாகப் பறக்க முடியாது. சிறகை விரித்து வெயில் காயும். நம் நிழல் மேலே விழாமல், பூவின் மட்டத்துக்குக் குனிந்து மெல்ல நகர்ந்தால் கிட்டவே விடும்.

வீட்டுக்கார அக்காவுக்குக் கவலை கோடிப்புறத்தில். "கறிவேப்பிலைய எல்லாம் புழு தின்னுருது தம்பி. மருந்து அடிச்சிரவா?"

காக்கை எச்சம் போலக் கிடந்த குஞ்சுப் புழுக்களையும், வளர்ந்த பச்சைப் புழுக்களையும் காட்டினேன். தொட்டதும் ஒன்று தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பை நீட்டி நாற்றம் விட்டது. "பூவுக்கு வர்ற கறுப்புப் பூச்சியோட பிள்ளைங்கக்கா இது."

"அப்ப ஒரு கொப்பு அதுகளுக்கு இருக்கட்டும்" என்றார்.

மார்ச் 13, போயா

அந்தக் கறுப்பு இனத்துப் பெண் இன்று ஜினியாவில் நெடுநேரம் இருந்தது. பின்சிறகில் சிவப்புப் புள்ளிகள். ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று நஞ்சேறிய வேறோர் இனத்தைப் போல வேடம். பறவைகள் ஏமாந்து விலகும். சிறகை மட்டும் பார்த்தால் நானும் பிரித்தறிய மாட்டேன். படத்தைப் பெரிதாக்கி உடலைப் பார்த்தேன்: கறுப்பு. நஞ்சுள்ளதற்கு உடல் சிவந்திருக்கும். ஆகவே பக்கவாட்டுப் படம் கட்டாயம் வேண்டும். மேலிருந்து எடுக்கும் அழகுப்படம் மட்டும் போதாது.

மார்ச் 16, ஞாயிறு

அக்காவின் பழைய வாசல் மீரியபெத்த லயத்தில். 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அப்படியிருந்தும் சனங்கள் அங்கேயே விடப்பட்டார்கள் என்பதை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. அந்த வாசலிலும் டேலியா இருந்ததாம். "வந்த உடனே நட்டது பூச்செடிதான், அப்புறந்தான் கீரை" என்கிறார்.

இந்தப் படங்களை யாருக்குக் கொடுத்தாலும் தனியே பூச்சி, பூ என்று கொடுக்க எனக்கு மனமில்லை. ஊர், தேதி, எந்தச் செடியில் வளர்ந்தது, எல்லாம் கூடவே போக வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரும் மருந்தை நிறுத்திவிட்டார். வேலியோரம் வைக்க இரு வீட்டாரும் தேசிக்காய்க் கன்றுகள் கேட்டிருக்கிறார்கள். அதிலும் இதே புழு வளரும். அடுத்த மழைக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.