கெட்ட பெயர்

1988 முதல் 1990 வரை ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இந்தியத் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. தூர்தர்ஷனில் பி.ஆர். சோப்ராவின் 'மஹாபாரத்'. புனீத் இஸ்ஸார் கதாயுதத்துடன் திரையில் தோன்றும்போது, இவர் நல்லவரா கெட்டவரா என்று யாரும் கேட்கவில்லை. துரியோதனன் என்ற பெயரே தீர்ப்பை எழுதிவிட்டிருந்தது.

துர்நாற்றம், துர்க்குணம், துர்மரணம் என்று பழகிய காதுக்கு 'துர்' என்றாலே கெட்டதுதான். ஆனால் சமஸ்கிருதத்தில் அந்த முன்னொட்டுக்கு 'அரிது' என்றும் பொருள் உண்டு. கிடைப்பதற்கு அரியது துர்லபம். நெருங்குவதற்கு அரியவள் துர்க்கை. அவளை நாடே கும்பிடுகிறது. அதே கணக்கில் துரியோதனன் என்றால் போரில் எதிர்கொள்ள அரியவன். துச்சாதனன், அடக்குவதற்கு அரியவன். எந்தத் தாயும் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குக் 'கெட்டவன்' என்று பெயர் வைப்பதில்லை. க்ஷத்திரியர் வீட்டில் இவை ஆசீர்வாதங்கள்.

வேடிக்கை என்னவென்றால், எதிரணியின் மூத்தவர் பெயர் யுதிஷ்டிரன். போரில் நிலைத்து நிற்பவன். போருக்குத் தயங்கிய அண்ணனுக்கும் போர்தான் முடிவு என்ற தம்பிக்கும் 'யுத்' என்ற ஒரே வேரிலிருந்துதான் பெயர். ஆக, பெயர் வில்லனை உருவாக்கவில்லை. வில்லனின் செயல்தான் பெயரின் பொருளை மாற்றியது. சபை நடுவே திரௌபதியின் சேலையில் கைவைத்த நாளில், 'அடக்க அரியவன்' என்ற புகழ்ச்சி வசையாகிப் போனது. துரியோதனனுக்குக் காவியத்திலேயே சுயோதனன் என்றொரு பெயரும் இருக்கிறது. நன்றாகப் போரிடுபவன் என்று அர்த்தம். அது மக்கள் வாயில் நிலைக்கவில்லை.

ஆனால் இந்தத் தீர்ப்பு எல்லா ஊரிலும் செல்லாது. கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், போருவழி பெருவிருத்தி மலநட கோயிலில் துரியோதனன்தான் தெய்வம். விக்கிரகம் கிடையாது, ஒரு மேடை மட்டுமே. பூசாரிகள் குறவர் சமூகத்தினர். தாகத்தோடு வந்த துரியோதனனுக்கு அந்த ஊர் மூதாட்டி ஒருத்தி கள் கொடுத்தாள், அவள் என்ன சாதி என்று தெரிந்த பிறகும் அவன் முகம் சுளிக்கவில்லை என்கிறது தலபுராணம். பக்தர்கள் அவனை 'அப்பூப்பன்' என்கிறார்கள். தாத்தா! ஒடிசாவிலோ துரியோதன் மாஜி என்பவர் அமைச்சராகவே இருந்திருக்கிறார்.

பெயருக்கு அகராதி சொல்லும் அர்த்தம் ஒன்று. அஸ்தினாபுரத்துச் சபை கண்டது இன்னொன்று. மலநட மக்களுக்கு இரண்டுமே முக்கியமில்லை. தங்கள் வாசலுக்கு வந்தபோது அவன் எப்படி நடந்துகொண்டான் என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு.