சிரங்கை யார் கணக்கில் எழுதுவது?

சிரங்கு என்றாலே குளிக்காதவர்களுக்கு வரும் வியாதி என்று நம்மில் பலருக்கு இன்னும் நினைப்பு. மும்பையில் ஃப்ளாட் வாங்கிவிட்டால் அது நம்மை அண்டாது என்றும். அப்படியெல்லாம் இல்லைங்க.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்து நகரங்களில் சிரங்கு ஏறிக்கொண்டே போனது. கம்பளியால்தான் பரவுகிறது என்று அவற்றைச் சுத்தப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஷெஃபீல்டு நகரத்தில் 1941-ல் கென்னத் மெல்லன்பி என்பவர் ஆராய்ச்சி தொடங்கினார். போருக்குப் போக மறுத்து, இதற்குத் தாமாக முன்வந்த இளைஞர்களை, நோயாளிகள் போர்த்திய கம்பளியிலேயே தூங்கவைத்துப் பார்த்தார். மிகச் சிலருக்கே ஒட்டியது. தோலோடு தோல் நெருங்கியிருந்தால்தான் பெரும்பாலும் பரவுகிறது. ஆக, காரணம் அழுக்கு இல்லை, நெருக்கம். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் மும்பைக்கு இதைச் சொல்லவா வேண்டும்? போருக்குப் பின் அங்கே இறங்கியது, 2023, 2024-ல் மறுபடி ஏறியது.

எங்கள் பில்டிங்கில் ஒரு தமிழ்ப் பையனுக்கு விரலிடுக்கெல்லாம் பொரிப்பொரியாக வந்து, ராத்திரியானால் ஒரே அரிப்பு. டாக்டர் சிரங்கு என்றதும் பழி வேலைக்கு வரும் அக்கா மேல் விழுந்தது. "அவதான் கொண்டுவந்திருக்கா, நிறுத்திடப் போறேன்" என்றார் பையனின் அம்மா. அந்த அக்கா சேர்ந்தே பத்து நாள்தான். வங்கிக்காரன் புத்தி, தேதியைப் பார்த்தேன். முதல்முறை சிரங்குப் பூச்சி தோலுக்குள் புகுந்தால் அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். முன்பே வந்தவர்களுக்குத்தான் ஓரிரு நாளில் அரிக்கும். பையனுக்கு இதுதான் முதல்முறை. அப்படியானால் வரவு விழுந்தது அவர் வருவதற்கு முன்பே! எடுத்துச் சொன்னேன். வேலை தப்பியது.

வைத்தியம் சுலபம்தான். டாக்டர் சொல்லும் பெர்மெத்ரின் 5% க்ரீமைக் கழுத்துக்குக் கீழே ஓர் இடம் விடாமல் ராத்திரி பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அரிப்பு இல்லாதவர்களும் சேர்த்து, வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில். கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான்.

ஃபிஜியில் ஒரு தீவுச் சமூகத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஐவர்மெக்டின் கொடுத்துப் பார்த்தார்கள். 100-க்கு 32 பேருக்கு இருந்த சிரங்கு ஒரே வருஷத்தில் 2 ஆனது. 2015-ல் வெளியான ஆய்வு இது.

ஜாயிண்ட் அக்கவுண்ட் மாதிரிதான். ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போட்டு மூட முடியாது. வேலைக்கு வருபவர் வீட்டிலும் அரிப்பு இருந்தால் அவர்களையும் டாக்டரிடம் காட்டி, மருந்தை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். தர்மக் கணக்கில் எழுத வேண்டாம், அது நம் வீட்டுச் செலவு.