ரப்பர் விரிப்பு

விபத்துப் பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்துக்குள் இரண்டு சொற்கள் எழுதினேன். பணியாளரின் கவனக்குறைவு. எழுதி, கையெழுத்துப் போட்டு, முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்று பசித்தது என்பதும் நன்றாக நினைவிருக்கிறது.

கோவைக்கு வெளியே கதவு செய்யும் பட்டறை அது. பட்டறை என்று பழக்கத்தில் சொல்கிறேன், நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். நான் டிப்ளமோ மெக்கானிக்கல். மெயின்டனன்ஸ், பர்ச்சேஸ், சேஃப்டி மூன்றுக்கும் ஒரே ஆள். மிஷின் ரிப்பேரானால் நான், சாமான் வாங்குவதும் நான், யாருக்காவது அடிபட்டால் எழுதுவதும் நான்.

கதவுக்கு வெனீர் ஒட்டியபின் பாலிஷுக்கு முன்னால் தேய்க்க வேண்டும். அதற்கு லாங் பெல்ட் சாண்டர் இருந்தது. இரண்டு உருளைகளுக்கு இடையே ஏழு மீட்டர் சுற்றளவுள்ள உப்புத்தாள் பெல்ட் ஓடும். பொறி உள்ள பக்கம் கீழே, கதவைப் பார்த்தபடி. கதவு கிடக்கும் மேஜை முன்னும் பின்னும் நகரும். ஆள் வலது கையால் ஒரு மரப் பேடை ஓடும் பெல்ட்டின் முதுகில் வைத்து அழுத்துவார், இடது கையால் மேஜையைத் தள்ளுவார். எவ்வளவு அழுத்தம், எங்கே எத்தனை நேரம் என்பதெல்லாம் கையின் கணக்கு. வெனீர் அரை மில்லிமீட்டர்தான். ஒரு நொடி கூடுதலாக நின்றால் அடியிலிருக்கும் பலகை தெரிந்துவிடும். எங்கள் மேஸ்திரி அந்த மிஷினில் இருபது வருடம் நின்றவர். அவர் தேய்த்த கதவில் உள்ளங்கையை ஓட்டினால் எங்கும் தட்டாது.

அவர் வெறுங்காலோடுதான் நிற்பார். சிமென்ட் தரை, வேட்டியை மடித்துக்கட்டி மேலே காக்கிச் சட்டை. அந்த வருடம் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஆடிட் செய்ய ஆளனுப்பினார். கையில் ஒரு பட்டியல். எல்லோருக்கும் ஷூ, மிஷின் முன்னால் ரப்பர் விரிப்பு என்று அதில் இருந்தது. நல்ல தடிமனான கறுப்பு ரப்பராகப் பார்த்து நானே வாங்கினேன். மேஸ்திரிக்கு பேன்ட், ரப்பர் அடி போட்ட ஷூ. “கால் வேர்க்குதுங்க தம்பி” என்றார். பழகிவிடும் என்றேன். அதே மாதம் பெல்ட்டையும் மாற்றினேன். முன்பு வாங்கியதைவிட ஒரு பெல்ட்டுக்கு 80 ரூபாய் குறைவு. பொறி ஒன்றுதான், நம்பர் ஒன்றுதான், துணியும் ஒன்றுதான். பழைய பெல்ட்டின் முதுகு கறுப்பாக இருக்கும், புதியது வெளிர் மஞ்சள். சாயம்தானே என்று நினைத்தேன்.

மாசி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உதட்டைப் பிளக்கும் காலம்.

“தம்பி, மிஷின்ல கரண்ட் வருதுங்க.”

டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மோட்டாரை மெகர் போட்டோம். எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றி மறுபடி அளந்தோம். எல்லாம் சுத்தம். “மேஸ்திரி, கரண்ட் இல்லீங்க. வேணும்னா நானே தொடுறேன், பாருங்க” என்று வந்த செருப்போடு தரையில் நின்று மேஜையைத் தொட்டுக் காட்டினேன். பையன்கள் சிரித்தார்கள். மேஸ்திரிக்கு வயசாச்சு, நரம்பு தளர்ந்திருச்சு என்று ஒருவன் சொன்னான். நானும் சிரித்திருப்பேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அது நடந்தது. மேஜையின் பிடியில் பிளாஸ்டிக் உறை இருந்ததால் அதைப் பிடித்திருக்கும்வரை ஒன்றுமில்லை. இடது முழங்கை பக்கத்து இரும்புச் சட்டத்தில் பட்டிருக்கிறது. சுருக்கென்று அடித்ததும் உடம்பு உதறி, வலது கையின் பேட் நழுவி, விரல்கள் பெல்ட்டின் ஓரத்தோடு அடியில் போய்விட்டன. நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் துணிப் பெல்ட்டின் ஓரம் கத்தி மாதிரி. நடுவிரலிலும் மோதிர விரலிலும் நகமும் சதையும் போயின. எலும்பு தப்பியது. நான் பதிவேட்டை எடுத்தேன்.

அன்று இரவு வீட்டில் அம்மா என் பேன்ட்டைத் துவைக்கப் போடும்போது உதறினார். தூள் விழவில்லை. மறுபடி உதறினார். டெரிகாட்டன் துணியில் எறும்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. “உங்க பட்டறைல காத்து காஞ்சு கெடக்குதா கண்ணு?” என்றார்.

அம்மா ஸ்பின்னிங் மில்லில் ரீலிங் பிரிவில் இருந்தவர். மில்லுக்குள் மேலே குழாய்களில் ஈரக் காற்று வந்துகொண்டே இருக்கும் என்று சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறார். அது தொழிலாளிக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று செய்தது என்றுதான் நினைத்திருந்தேன். “அட போடா. அந்த பிளாண்ட் நின்னுபோச்சுன்னா பஞ்சு ரோலரச் சுத்திக்கும், நூலு ஒண்ணோட ஒண்ணு மொறச்சுக்கிட்டு நிக்கும், அந்துபோகும். காத்துல ஈரம் இருந்தாத்தான் நூலு சொன்னபடி கேக்கும்.” என்னோடு படித்த யாரும், எனக்குப் பாடம் எடுத்தவர்களும், இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

மறுநாள் ஞாயிறு. பட்டறையைத் திறந்து மேஸ்திரியின் ஷூவைப் போட்டுக்கொண்டு ரப்பர் விரிப்பில் நின்றேன். கழிவுக் கதவு ஒன்றை வைத்துப் பத்து நிமிடம் தேய்த்தேன். முன்கை ரோமங்கள் பெல்ட்டை நோக்கி எழுந்து நின்றன. மிஷினை நிறுத்திவிட்டு விரல் முட்டியைச் சட்டத்தின் அருகே கொண்டுபோனேன். தொடுவதற்கு முன்பே நீலமாக ஒரு பொறி, டப் என்ற சத்தம். கை தானாகவே பின்னால் போனது. ஷூவைக் கழற்றி, விரிப்பைச் சுருட்டி ஓரத்தில் போட்டு, வெறுங்காலோடு நின்று மறுபடி தேய்த்தேன். ஒன்றுமில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். உப்புத்தாள் பெல்ட்டில் துணி, பொறியை ஒட்டும் பினாலிக் ரெசின், அதற்கு மேல் இன்னொரு பூச்சு என்று எல்லாமே மின்சாரம் கடத்தாதவை. உலர்ந்த மரமும் கடத்தாது. இரண்டும் உரசிப் பிரியும்போது இரண்டிலும் எதிரெதிர் மின்னேற்றம் சேர்கிறது. பெல்ட்டின் முதுகு ரப்பர் உறை போட்ட உருளையைத் தொட்டுத் தொட்டுப் பிரியும்போதும் அப்படியே. ராபர்ட் வான் டி கிராஃப் 1929இல் பிரின்ஸ்டனில் ஒரு பட்டு நாடாவை ஓடவிட்டு உயர் மின்னழுத்தம் உண்டாக்கிக் காட்டினார். இரண்டு உருளை, நடுவில் கடத்தாத ஒரு பட்டை. எங்கள் சாண்டரும் அதேதான், கூடவே கதவும் தேய்க்கும். மிஷின் சட்டத்துக்கு எர்த் போட்டதால் பெல்ட்டில் இருப்பது இறங்கிவிடாது. கடத்தாத பொருளில் இருக்கும் மின்னேற்றம் வழி இல்லாமல் அங்கேயே கிடக்கும். பேட் வழியாக மேஸ்திரியின் உடம்பில் ஏறியது தரைக்குப் போக வழி தேடியது. இருபது வருடம் அவருடைய பாதமே அந்த வழியாக இருந்தது. நான் அதற்கடியில் ரப்பரைப் போட்டேன். போதாததற்கு எர்த்தையும் நன்றாக்கினேன். நல்ல எர்த் உள்ள இரும்பு பக்கத்திலேயே இருக்க, மின்னேற்றம் முழங்கை வழியாகப் பாய்ந்தது. சுமார் 3,000 வோல்ட்டைத் தாண்டினால்தான் மனிதத் தோலுக்கே சுருக்கென்று தெரியுமாம். அதிலுள்ள ஆற்றல் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது. உதற வைக்கும், அவ்வளவுதான். ஓடும் பெல்ட்டின் மேல் கை இருக்கையில் அது போதும்.

படிக்கும்போது இன்னொன்று கிடைத்தது. உப்புத்தாள் செய்வதே இந்த மின்சாரத்தை வைத்துத்தான். பசை தடவிய துணி மேலே கவிழ்ந்தபடி போகும், கீழே பொறித்தூள் பரப்பிய பட்டை. இரண்டுக்கும் நடுவே பல்லாயிரம் வோல்ட் புலம். அலுமினியம் ஆக்சைடு மணிகள் நீளவாக்கில் எழுந்து, துள்ளி, மேலே போய்ப் பசையில் குத்தி நிற்கும். சும்மா தூவினால் படுத்துக்கொள்ளும், வெட்டாது. ஃபேக்டரியில் அப்படி வேலை வாங்கிய சங்கதிதான் பட்டறையில் வந்து தொல்லை கொடுக்கிறது.

அந்த வெளிர் மஞ்சள் பெல்ட்டைப் பற்றியும் அப்போதுதான் தெரிந்தது. பழைய பெல்ட்டின் கறுப்பு சாயமில்லை, கரி. ஸ்டாட்டிக் வராத பெல்ட்டுகளில் ரெசினிலோ துணியின் முதுகிலோ கார்பன் பிளாக்கோ கிராஃபைட்டோ கலந்திருப்பார்கள். பெல்ட் முழுக்க மெல்லிய ஒரு வழி கிடைக்கும், சேர்வதெல்லாம் இரும்பு உருளை வழியாக எர்த்துக்குப் போய்விடும். 80 ரூபாயில் நான் மிச்சம் பிடித்தது அந்த வழியை.

முதலாளியிடம் போனேன். விரல் கதையைச் சொன்னபோது உச்சுக்கொட்டினார். பெல்ட் விலையைச் சொன்னபோது மௌனமானார். பிறகு பாலிஷ் பிரிவிலிருந்து திரும்பி வந்த கதவுகளைக் காட்டினேன். ஸ்டாட்டிக் இருந்தால் மரத்தூள் கதவிலேயே ஒட்டிக்கொள்ளும், உறிஞ்சுக் குழாய் இழுத்தாலும் போகாது. அதன்மேல் பாலிஷ் அடித்தால் குருணை குருணையாக நிற்கும். பொறிகளுக்கு இடையிலும் தூள் அடைத்துக்கொண்டு பெல்ட் சீக்கிரம் மழுங்கும், மரத்தைக் கருக்கும். இதைச் சொன்னதும் உடனே சரி என்றார். விரல் சாதிக்காததைக் குருணை சாதித்தது. மூக்குக்குப் போகும் தூளைப் பற்றியும் பேசினேன். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. அதற்கு அவர் தலையாட்டினார், அவ்வளவுதான்.

கறுப்பு பெல்ட் திரும்ப வந்தது. பேடின் அடியில் கிராஃபைட் துணி தைத்தோம், வழுக்கலானதால் உரசலும் சூடும் குறைந்தன. உறிஞ்சும் ஹோஸின் சுவருக்குள் ஒரு கம்பிச் சுருள் போகும், யாரும் அதை எங்கும் இணைத்திருக்கவில்லை. அதை உரித்து எர்த்தில் சேர்த்தேன். பெல்ட் திரும்பும் இடத்தில் அதைத் தொடாமல் செம்பு ஜரிகை மாதிரியான ஒரு சரம் கட்டி, அதற்கும் எர்த். அம்மா சொன்ன ஈரக் காற்றை மட்டும் முழுதாகச் செய்ய முடியவில்லை. மில்லுக்கு நல்லது மரத்துக்கு ஆகாது. வெனீர் உப்பும், தாள் பெல்ட்டுகள் சுருளும். ஒரு கூலர் வைத்து, ஈரப்பத மானியில் 45க்கும் 50க்கும் நடுவே நிற்கும்படி பார்த்துக்கொண்டோம். நான் மாட்டிய அன்று அது 28 காட்டியது. மேஸ்திரிக்கு மறுபடி வெறுங்கால் என்று சொல்ல முடியாது, கதவு காலில் விழுந்தால் என்ன ஆவது? ஸ்டாட்டிக்கை இறக்கிவிடும் அடி உள்ள ஷூ கிடைக்கிறது, அதை வரவழைத்தேன்.

பதிவேட்டைத் திருத்தலாமா என்று கேட்டேன். “பழசத் திருத்துனா எதுக்குத் திருத்துனீங்கன்னு கேப்பாங்க, விடுங்க” என்றார் முதலாளி. விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து மேஸ்திரி வேலைக்கு வந்தார். விரல் நுனிகள் வழவழவென்று ரோஜா நிறத்தில் இருந்தன. கதவைத் தடவிப் பார்க்க இப்போது ஆள்காட்டி விரலை நீட்டினார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெல்ட்டை, விரிப்பை, பதிவேட்டில் எழுதியதையும். கேட்டுக்கொண்டே இருந்தார்.

“நாஞ் சொன்னப்ப டெஸ்டர எடுத்துட்டு வந்தீங்க” என்றார்.

“ஆமாங்க.”

“அது எரியல.”

“எரியலைங்க.”

கொஞ்ச நேரம் கழித்து, “அந்த ரப்பரு எங்க இருக்குது?” என்றார்.

“குடோன்ல போட்டுட்டேன்.”

“நல்ல ரப்பருங்க தம்பி, தடிமனு. சும்மா கெடக்கறதுக்கு எனக்குக் குடுத்தா எங்கூட்டு எருமைக்குக் கீழ போடுவேன். கல்லுத் தரைல படுத்துப் படுத்து முட்டியெல்லாம் புண்ணாயிருச்சு.”

சாயங்காலம் இரண்டு பேரும் அதைச் சுருட்டி அவர் மொபெட்டின் பின்னால் வைத்தோம். கயிற்றை இழுத்துக் கட்டும்போது அந்த இரண்டு விரல்களையும் அவர் மடக்கவில்லை. முடிச்சை நான் போட்டேன்.