பாட்டாநகரில் ஒரு பாதரட்சை விசாரம்

சியால்தாவிலிருந்து பட்ஜ்பட்ஜ் செல்லும் மின்சார ரயிலில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் நங்கி நிலையம் வந்துவிடும். அங்கிருந்து ஹூக்ளி நதிக்கரையை நோக்கிச் சென்றால் பாட்டாநகர். கொல்கத்தாவில் வாழும் நம்மவருள் காளிகட்டமும் தட்சிணேசுவரமும் கண்டவர் பலர். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைக் கான்வாஸ் ஷூவுக்குப் பேர்போன இவ்வூரைக் கண்டவர் சிலரே.

செக் நாட்டு ஸ்லீன் நகரில் 1894-இல் தொழில் தொடங்கிய பாட்டா குடும்பத்தார், 1931-இல் இந்தியாவில் கம்பெனியை நிறுவினர். 1934-இல் இந்நதிக்கரையில் தொழிற்சாலையும் தொழிலாளர் குடியிருப்பும் எழத் தொடங்கின. 1936-இல் பள்ளிச் சிறுவர்களுக்கேற்ற டென்னிஸ் ஷூ வெளிவந்தது. தொழிற்சாலை நிலத்தின் ஒரு பகுதியில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன.

என்னுடன் வந்தவன் கல்லூரியில் பயிலும் என் தமக்கையின் மகன். அவன் மனமோ அந்தத் தாழ்ந்த வெள்ளை ஷூவில் இல்லை. கணுக்காலை மூடும் கறுப்புக் கான்வாஸும் வெள்ளை ரப்பர் முனையும் கொண்ட உயர்ந்த ஷூவில் இருந்தது. எங்கள் வீட்டில் ஆளுக்கு ஆண்டுக்கொரு ஜோடிதான். கல்லூரிக்கும் ரயிலுக்கும் அதுவே உழைக்க வேண்டும். ஆகவே அழகா, சௌகரியமா என்பது எங்களுக்கு வெறும் பேச்சன்று.

இவ்வகை ஷூவில் புகழ்பெற்றது அமெரிக்காவின் கான்வர்ஸ் கம்பெனி 1917-இல் வெளியிட்ட 'ஆல் ஸ்டார்'. கூடைப்பந்து ஆடுவோருக்காகச் செய்யப்பட்டது அது. மரத்தளத்தில் ஆடுவோனுக்குத் தட்டையான ரப்பர் அடி நல்ல பிடிப்பைத் தரும். சிமெண்ட் நடைமேடையில் மணிக்கணக்கில் நிற்பவனுக்கோ, உள்ளங்கால் வளைவைத் தாங்க அதில் ஒன்றுமில்லை. மழைநீர் தேங்கும் தெருவில் நனைந்தால் உலர நெடுநேரமாகும். வீட்டு வாசலிலும் கோயில் வாசலிலும் கழற்றும் வழக்கமுள்ள நமக்கு, ஒவ்வொரு முறையும் நாடாவைத் தளர்த்துவதே ஒரு வேலை.

இவற்றையெல்லாம் கடைவீதியில் எடுத்துரைத்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, நடப்பதற்கு மட்டுமா ஷூ? நாலு பேர் நடுவில் கூசாமல் நிற்பதற்கும்தானே?" என்றான்.

நான் யோசித்தேன். வேற்றுமொழி பேசும் ஊரில், புதிய கல்லூரியில், தோழர்களுக்கு நடுவே மனம் கூசாமல் இருப்பதும் ஒரு சௌகரியமே. அதைக் கால் அளக்காது. ஆயினும் காலுக்கும் ஒரு வாக்குண்டு என்றேன். அவனும் இசைந்தான். இரண்டு வகையையும் தடித்த காலுறையுடன் அணிந்து, கடைக்குள் இருபது நிமிஷம் நின்றும் நடந்தும் பார்த்தான். உயர்ந்த ஷூவில் குதிகால் நொந்தது. கடைக்காரர் மெத்தென்ற உள்ளட்டை ஒன்றை வைத்து, அதற்கு இடமிருக்கும் அளவாக அரை அளவு கூட்டிக் கொடுத்தார், நோவு குறைந்தது. மேல் துளைகள் இரண்டை நாடா கோக்காமல் விட்டதும் கணுக்கால் எளிதாக மடங்கியது. அதையே வாங்கினோம். அதிகப்படி விலையை, சிறுவர்க்குப் பாடம் சொல்லி ஈட்டிய பணத்திலிருந்து அவனே கொடுத்தான். மழைக்குப் பழைய ரப்பர்ச் செருப்பு இருக்கிறது.

பிள்ளைகள் இத்தகைய ஷூவைக் கேட்டால், பெற்றோர் உடனே மறுக்க வேண்டியதில்லை. கால் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். உட்கார்ந்து பார்த்து வாங்காமல், நிற்க வைத்துப் பார்த்து வாங்குங்கள்.