கோட்டைக்கு அடுத்த வீடு

அறுபது பிராயம் வரையில் திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் வாடகைக் குடித்தனம் நடத்தி, வீட்டுக்காரர் மோட்டார் போடும் நேரத்தில் எழுந்தும் அவர் வாசற்கதவைப் பூட்டும் நேரத்துக்குள் வீடு திரும்பியும் பழகிப்போன ஒருவனுக்கு, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சொந்த வீட்டு ஆசை பிறப்பது காலங்கடந்த சமாசாரந்தான். ஆனாலும் பிறந்தது. அந்த ஆசை சென்னையைச் சுற்றியுள்ள எத்தனையோ நகர்களையும் நகர் விஸ்தரிப்புகளையும் விட்டுவிட்டு, தெற்கே எழுபது கிலோமீட்டர் தள்ளிச் சதுரங்கப்பட்டினத்தில் வந்து நின்றதற்குக் காரணம், திருக்கழுக்குன்றத்தில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்த நாங்கள், பந்தி முடிந்து பொழுது போகாமல், கடற்கரைப் பக்கமாக வண்டியை விடச் சொன்னதுதான்.

பழைய புத்தகங்கள் ஒல்லாந்தர் என்றும் இன்றைய பலகைகள் டச்சுக்காரர் என்றும் சொல்லும் அந்த வியாபாரிகள் கட்டிய செங்கற்கோட்டை ஒன்று அங்கே கடலைப் பார்த்தபடி கிடக்கிறது. வாயிலில் இரண்டு பீரங்கிகள், உள்ளே நுழைந்தால் பெயரும் வயதும் குலச்சின்னமும் மிக நுட்பமாகச் செதுக்கிய கல்லறைகள், அப்பால் நெற்களஞ்சியங்கள். இந்தக் கரையில் நெய்த மெல்லிய துணி, 'சத்ராஸ்' என்று வெள்ளைக்காரர் நாவில் சிதைந்த இவ்வூரின் பெயரோடு கப்பலேறிப் போன காலத்தின் மிச்சம் அவ்வளவே. கோட்டையைப் பார்த்து வெளியே வந்தபோது, எதிர்ச் சாரியில், திண்ணையும் முற்றமும் நாட்டு ஓடுமாக நின்ற ஒரு வீட்டின் கதவில் 'விற்பனைக்கு' என்று சுண்ணாம்பில் எழுதியிருந்தது. என் மனைவி அதைப் படித்தாள். நான் அவள் முகத்தைப் படித்தேன்.

தரகர் விலை சொன்னபோது அது மிகக் குறைவாக இருந்தது. விலை குறைவாக இருந்தால் மகிழ்ச்சி அடைவதற்கு முன்னால் பயப்படவேண்டும் என்பதை உத்தியோகம் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தபடியால், தாய்ப்பத்திரம், நத்தம் பட்டா, முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கி ஒரு வக்கீல் சிநேகிதரிடம் கொடுத்தேன். ஒரு குறையும் இல்லை என்றார் அவர். பிறகு, காகிதங்களை மடித்துக்கொண்டே, வில்லங்கம் பத்திரத்தில் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது என்றார். பக்கத்து வீடு என்றது கோட்டையை.

தொல்லியல் சின்னங்களுக்கான 1958ஆம் வருஷத்துச் சட்டம், 2010இல் திருத்தப்பட்ட வடிவில், பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து நூறு மீட்டர் வரையில் புதுக் கட்டடமே கூடாதென்றும், அதற்கப்பால் இருநூறு மீட்டர் வரையில் அனுமதியின்றிக் கட்டலாகாதென்றும் விதிக்கிறது. எங்கள் வீடு அந்த நூறுக்குள் அடக்கம். இது போதாதென்று கிழக்கே கடல். அதற்கும் ஒரு சட்டம், உச்ச அலைக் கோட்டிலிருந்து அளந்துகொண்டு வருகிறது. வடக்கே கடலோரமாகப் போனால், 1983 ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கிய அணுமின் நிலையம்; அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் ஊர் இயல்பாக வளரும் அளவுக்கு மேல் பெருகக் கூடாதென்பது அதன் விதி. ஆக, சரித்திரமும் சமுத்திரமும் விஞ்ஞானமும் ஆளுக்கொரு சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிலத்தை அளந்துவிட்டுப் போன இடத்தில் நான் மனை கேட்டுப் போயிருக்கிறேன். தரகர் இதையெல்லாம் மறைத்தார் என்று சொன்னால் பாவம். நாங்கள் கேட்காததை அவர் சொல்லவில்லை.

வேண்டாமென்று தீர்மானித்தோம். தீர்மானித்த பிறகும் அந்த ஊரைப் பற்றிப் படிப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை. படித்ததில் ஒரு விஷயம் என் தீர்மானத்தைக் கெடுத்தது. கர்நாடகத்துக்கு நவாபு யார் என்னும் வழக்கில் பல வருஷம் யுத்தம் செய்து களைத்துப்போன ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், 1754 ஜனவரியில், இரு கட்சியிலும் சேராத டச்சுக்காரரின் இடம் என்ற காரணத்தால் இந்தச் சதுரங்கப்பட்டினத்தில் கூடிச் சமாதானம் பேசினார்கள். முகமது அலிதான் நவாபு என்பது ஆங்கிலேயர் வாதம். தங்கள் கவர்னர் டூப்ளேயின் அதிகாரத்துக்கு ஆதாரமாகத் தக்காணத்து சுபேதாரும் மொகலாய பாதுஷாவும் கொடுத்தவை என்று சில சாசனங்களைப் பிரெஞ்சுக்காரர் விரித்தார்கள். அவை மெய்யான சாசனங்கள்தாமா என்று எதிர்க்கட்சி சந்தேகம் கிளப்ப, எதிர்க்கட்சியின் சாசனங்களோ கையில் இல்லாமலிருக்க, பேச்சு முறிந்தது. தேசமொன்றையே கிரயம் பேச வந்தவர்கள் மூலப்பத்திரத்தில் தகராறு வந்து எழுந்து போன ஊர் இது! அவ்வருஷம் ஆகஸ்டிலேயே டூப்ளேயின் இடத்துக்கு வேறொருவர் கப்பலில் வந்து இறங்கிவிட்டார்.

பொதுவிடமாக இருந்த டச்சுக்காரர் கதையாவது நன்றாக முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. 1781இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். மறு வருஷம் பிப்ரவரி 17ஆம் தேதி ஆங்கிலத் தளபதி ஹியூஸின் கப்பல்களும் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரெனின் கப்பல்களும் இந்தக் கடலில் பிற்பகலில் குண்டு பொழிந்து, எவரும் ஒரு கப்பலையும் இழக்காமல் விலகின. 1818இல் கோட்டை டச்சுக்காரருக்குத் திரும்பியது. 1824ஆம் வருஷத்து உடன்படிக்கையின்படி, 1825இல், மறுபடியும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இந்தக் கோட்டைக்கு ஒரு வில்லங்கச் சான்று எடுத்தால் அது எத்தனை பக்கம் வரும் என்று யோசித்தபோது, என் முப்பது வருஷத்துச் சான்றும் அதன்மேல் நான் கொண்ட கர்வமும் வெகு அற்பமாகத் தோன்றின. வீட்டை வாங்கிவிட்டோம். முத்திரைக் கட்டணம் நூற்றுக்கு ஏழும் பதிவுக் கட்டணம் இரண்டும் கட்டிவிட்டுச் சார்பதிவாளர் முன் கட்டைவிரல் ரேகையை வைத்தபோது, கல்லறையில் கிடக்கும் ஒல்லாந்தரில் எவரேனும் எனக்காக ஒரு புன்னகை செய்திருக்கலாம்.

குடிபோன பிறகு வீடே எனக்குப் பாடம் சொல்லத் தொடங்கியது. உப்புக்காற்று அடிக்கும் இக்கரையில் கான்கிரீட் வீடுகள் இருபது இருபத்தைந்து வருஷத்தில் கம்பி துருப்பிடித்து, துரு பருத்து, கூரையை உள்ளிருந்தே பிளந்து சிமெண்டை உதிர்க்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் மரமுமான எங்கள் வீட்டில் துருப்பிடிக்க இரும்பே இல்லை. கிணற்று நீர் மேலாகத் தித்திக்கும், ஆழத்தில் உவர்க்கும். மழைநீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது என்பதை அறியாமல் ஆழ்துளை போட்டவர்கள் கடலையே குழாயில் வரவழைத்திருக்கிறார்கள். கஷ்டமே இல்லையென்று சொல்லமாட்டேன். ஓடு மாற்றவும் அனுமதி வேண்டும். 1992 ஜூன் 16க்கு முன்னரே கட்டிய வீடு என்று காட்டினால்தான் பழுதுபார்க்க விடுவார்கள். அதற்குப் பழைய வீட்டுவரி ரசீதுகளைத் தகரப்பெட்டியிலிருந்து பொறுக்கி எடுத்து, மனுப்போட்டு, காகிதம் திரும்பி வருவதற்குள் ஒரு ஐப்பசியும் ஒரு கார்த்திகையும் தார்ப்பாயின்கீழ் கழிந்தன. அப்போதுகூட எனக்கு ஒரு சந்தோஷம்: என் திண்ணைக்கும் கோட்டைச் சுவருக்கும் நடுவே எவனும் மூன்று மாடி எழுப்ப முடியாதல்லவா!

இந்தச் சந்தோஷத்தை ஒருநாள் மாலை பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னேன். இந்த ஊரிலேயே பிறந்து இந்தத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டு, 2004 டிசம்பர் 26 காலையில் பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடியவர் அவர். நான் பேசி முடிக்கும் வரையில் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"நீங்க பார்க்க வந்தவங்க ஐயா, உங்களுக்குக் கோட்டை அழகாத்தான் இருக்கும். எனக்கு ரெண்டு ஆம்பிளைப் பிள்ளைங்க. பெரியவனுக்குக் கலியாணம் ஆயிடுச்சு. சின்னவனுக்குப் பொண்ணு பார்க்கிறோம். வீடு ஒண்ணுதான். மேலே ஒரு ரூம் போட விடமாட்டேங்கிறாங்க."

நான் விலை கொடுத்து வாங்கிய தடை அவருக்குப் பிறப்பிலேயே வந்தது. எனக்கு மலிவாகக் கிடைத்த அதே காரணத்தால், அவர் வீட்டை விற்றாலும் வேறெங்கும் ஒரு மனை வாங்க அந்தப் பணம் காணாது. கோட்டையைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றும் இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் காக்கும் செலவை அரசாங்கமும் பார்வையாளரும் பகிர்ந்துகொள்ளாமல், சுவரோரம் குடியிருப்பவர் தலையில் மட்டும் வைப்பது நியாயமென்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. அன்று அந்த அம்மாளுக்கு நான் பதில் சொல்லவில்லை.

சென்ற தை மாதம் சின்னவனுக்குக் கலியாணம் நடந்தது. பெரியவன் தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு புதுப்பட்டினத்தில் வாடகைக்குக் குடிபோய்விட்டான்.