அறுகு

கோல்ஃப் மைதானங்களில் 'பெர்முடா' என்ற பெயரில் சீராட்டப்படுவது நம்மூர் அறுகின் இனம்தான். அறுகையும் ஆபிரிக்கப் புல்லொன்றையும் பெற்றோராகக் கொண்ட 'டிஃப்வே 419' என்ற கலப்பினம் 1960 இல் அமெரிக்காவில் வெளியானது. வெப்ப நாட்டு மைதானங்கள் பலவற்றில் இன்றும் அதைக் காணலாம்.

துபாயில் அத்தகைய புல்லைப் பராமரிப்பதே எனக்கு வேலையாக வாய்த்தது. பாலை மணலில் நீர் தங்காது. சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சினோம். அதிலுள்ள உப்பு வேரடியில் படிந்துவிடாமலிருக்க, இடையிடையே கூடுதலாக நீர்விட்டுக் கழுவினோம். ஒரே வெட்டில் இலையின் மூன்றிலொரு பங்குக்கு மேல் அறுக்கக் கூடாதென்பது விதி. மீறினால் வேர் தளர்ந்துவிடும். வெயிலில் புல் வாடுகிறதா என்று பார்க்க மேற்பார்வையாளர் நாளுக்கு மூன்று முறை வருவார். எங்கள் முகங்களை அவர் பார்த்ததாக நினைவில்லை.

“புல்லு வளக்கவா மகன் கடல் தாண்டிப் போன?” என்று வாப்பா தொலைபேசியில் சிரித்தார். நெல்லுக்குள் அறுகு படர்ந்தால் விளைச்சல் போய்விடும் என்பது அவர் வட்டையில் கற்ற பாடம். அப்போது அவருக்குக் குனிந்து வேலை செய்ய முடியாத வயது. மாதாமாதம் நான் அனுப்பிய பணத்தில் ஒரு பங்கு, அவருடைய வயலில் அறுகு பிடுங்கியவர்களின் கூலியாகப் போனது.