காப்புக் கட்டு

மேல்நாட்டில் அக்டோபர் 31-ஆம் தேதி இரவு பேய் பிசாசுகள் ஊர் சுற்ற வருமாம். அதற்காகப் பூசணிக்காயைக் குடைந்து, உள்ளே விளக்கேற்றி வாசலில் வைப்பார்கள். எங்கள் காங்கேயத்துக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கமாட்டார்கள். எங்களுக்கும் அப்படி ஒரு நாள் உண்டு.

மார்கழிக் கடைசி நாளன்று கொங்கு நாட்டில் காப்புக் கட்டு. வேப்பிலை, வெள்ளைப் பூளைப்பூ, மஞ்சள் ஆவாரம்பூ மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வீட்டு இறவாரம், கட்டுத்தரை, கிணற்றடி, காடு என்று எங்கும் செருகுவார்கள். கெட்டது எதுவும் அண்டாது என்பது நம்பிக்கை.

நாலு எழுத்துப் படித்துவிட்ட கர்வம் எனக்கு. "இந்தத் தழையப் பாத்தா பேய் பயந்துக்கும், அம்மிச்சி?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் கொத்தும் கையுமாக நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

கட்டுத்தரையில் செருகிவிட்டுத் திரும்பியவள் சட்டென்று நின்றாள். சோளத்தட்டுப் போரின் அடியில் மெல்லிய புகை! காலையில் வெந்நீர் அடுப்புச் சாம்பலை, குப்பைக்குழி வரை நடக்கச் சோம்பி, அங்கே கொட்டியவன் நான்தான். இரண்டு குடம் தண்ணீரில் அணைந்துவிட்டது. இன்னும் ஒரு நாழிகை போயிருந்தால், பக்கத்தில் கட்டியிருந்த மாடுகளின் கதி என்ன?

"பேய் எங்கிருந்து வருதுன்னு பாத்தியா, சாமி?" என்றாள் அம்மிச்சி. வேறு யாரிடமும் அவள் சொல்லவில்லை.

அவள் போய் வெகுகாலம் ஆயிற்று. காப்புக் கட்டன்று நான் இன்னும் வீட்டைச் சுற்றி வருகிறேன். வாசலில் செருகும்போது தாழ்ப்பாளைப் பார்ப்பேன், சமையலறையில் எரிவாயுக் குழாயை, இறவாரத்தில் மின்கம்பியை. பூளைப்பூவுக்குப் பேய் பயப்படுமோ என்னவோ, எனக்குச் சாம்பல் என்றால் இன்றும் பயம்தான்.